தோசை சுடுகிறவரும் உட்கார்ந்து சாப்பிட ஓர் உருளைக்கிழங்கு கேசரோல்

ஞாயிற்றுக்கிழமை இரவு நாத்தனார் குடும்பம் வந்தால் தோசைதான் என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டமாக இருந்தது. எட்டுப் பேருக்குத் தோசை என்றால் என்ன பாடு என்று சுட்டவர்களுக்குத் தெரியும். ஒருவருக்கு முறுகலாக வேண்டும், ஒருவருக்கு ஊத்தப்பம், குழந்தைகளுக்கு நெய் விட்டு ஓரம் கருகாமல். கூடத்தில் எல்லோரும் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அடுப்பின் முன் நிற்பவருக்கு எட்டாது. அவர்கள் கைகழுவி எழுந்த பிறகு, நீர்த்துப்போன சட்னியோடு கடைசித் தோசை நமக்கு. நான் உருளைக்கிழங்கு கேசரோலுக்கு மாறியதற்கு ருசி இரண்டாவது காரணம்தான். ஓவனுக்குள் வைத்துவிட்டால் முக்கால் மணி நேரத்துக்கு அது என்னைக் கூப்பிடாது என்பதே முதல் காரணம்.

சமையல் எளிது. கிழங்கை வில்லைகளாக நறுக்கி, பாலும் கிரீமும் பூண்டும் மிளகும் சேர்த்து அரைவேக்காடு வேகவைத்து, அகலமான பாத்திரத்தில் பரப்பி, மேலே சீஸ் தூவிப் பொன்னிறமாகும் வரை சுடுவது. பிரான்சின் தென்கிழக்கில் தோஃபினே என்ற பகுதியில் பிறந்த பண்டம் இது. காப் என்ற ஊரில் 1788 ஜூலை 12 அன்று ஒரு பிரபு கொடுத்த விருந்தில் இது பரிமாறப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அந்த ஊர்ப் பழமைவாதிகள் இதில் சீஸ் போடுவதையே ஒப்புக்கொள்வதில்லை. கிழங்கும் பாலும் பூண்டும் போதும் என்பார்கள். எங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் அந்த வாதம் எடுபடாது. ஆனாலும் அவர்கள் சொல்வதில் உள்ள உண்மையை நான் ஏற்கிறேன்: சீஸை மலைபோல் கொட்டினால் கிழங்கு தோற்றுப்போகும். இங்கே கதாநாயகன் கிழங்கு.

ஆகவே கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோவையில் இருப்பதால் எனக்கு ஊட்டிக் கிழங்கு சுலபமாகக் கிடைக்கிறது. நீலகிரியில் விளைவதில் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கி, அங்கே ஏலம் போய், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பிரிகிறது. ஏப்ரல் வாக்கில் நடும் கார்போகம், ஆகஸ்டு வாக்கில் கடைபோகம், ஜனவரி வாக்கில் நீர்போகம் என்று மலையில் மூன்று போகம் உண்டு. அதனால் ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் நிலத்திலிருந்து எடுத்துச் சில வாரங்களே ஆன கிழங்கு நம் கைக்கு வரும். வடக்கிலிருந்து லாரியில் வருகிற கிழங்கு பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்தது. குளிரில் கிடக்கும் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். பொரியலில் அது அவ்வளவாகத் தெரியாது. பாலும் கிரீமும் சேர்கிற இந்தப் பண்டத்தில் தித்திப்பு துருத்திக்கொண்டு நிற்கும். மேல்பரப்பு வேகுமுன்பே சிவந்தும்விடும். வாங்கிய கிழங்கை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். காற்றோட்டமான கூடையில், வெளிச்சம் படாத மூலையில், வெங்காயத்தோடு சேர்க்காமல் வைத்தால் போதும்.

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் பெரியவர் கிழங்கைத் தேர்ந்தெடுப்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். கட்டைவிரல் நகத்தால் தோலை ஒருமுறை சுரண்டுவார். தோல் மெல்லிய காகிதம்போல் சுருண்டு வந்தால், "இது இளசு கண்ணு, குருமாவுக்குக் கொண்டு போ" என்று ஒதுக்கிவிடுவார். நகத்துக்கு அசையாமல் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் என் பைக்குள் போடுவார். இளங்கிழங்கில் தண்ணீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. நன்றாக முற்றியதில் மாவு இருக்கும்; அந்த மாவுதான் பாலைக் குழம்பாக்கப் போகிறது. செம்மண் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து ஊட்டிக் கிழங்கு என்று நம்பிவிட வேண்டாம் என்றும் அவர் சொல்வார். மண்ணைப் பூசி விற்கிறவர்களும் உண்டாம். மலையில் நெடுங்காலமாகப் பயிராகும் குஃப்ரி ஜோதி, 1968இல் வெளியிடப்பட்ட ரகம். அதில் கண்கள் ஆழமாக இருக்காது. தோல் சீவும்போது பாதிக் கிழங்கு குப்பைக்குப் போகாது. பச்சை படர்ந்த கிழங்கை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். பச்சை தெரிகிற இடத்தில் சொலனின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்திருக்கக் கூடும். ஓவன் சூட்டிலும் அது அழியாது.

உருளைக்கிழங்கு நம் பக்கம் வந்த கதையிலும் கோவைக்குப் பங்கு உண்டு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன்தான் 1820களில் ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளோடு இதையும் பயிரிடவைத்தவர். ஆக, இந்தக் கிழங்கில் பிரெஞ்சுப் பண்டம் செய்வதில் பெரிய அத்துமீறல் ஒன்றும் இல்லை.

எட்டுப் பேருக்கு நான் எடுக்கும் அளவு இது. கிழங்கு ஒன்றரைக் கிலோ. பால் அரை லிட்டர். ஆவின் ஆரஞ்சு நிறப் பாக்கெட், அதாவது 6 சதவீதக் கொழுப்புள்ளது. கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 250 மில்லி. நாட்டுப் பூண்டு என்றால் எட்டுப் பல், மலைப்பூண்டு என்றால் நான்கு போதும். வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, தூள் உப்பு இரண்டரைத் தேக்கரண்டி. ஜாதிக்காயைத் துருவியில் நான்கைந்து முறை தேய்த்தால் விழுகிற அளவு. அதற்கு மேல் போனால் மருந்து வாடை வந்துவிடும். துருவிய சீஸ் 150 கிராம். உப்பு கூடுதலாகத் தோன்றலாம். ஒன்றரைக் கிலோ கிழங்கு எவ்வளவு உப்பை விழுங்கும் என்று மசால் செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நறுக்கும்போது நம் கைப்பழக்கம் ஒன்றை விட்டாக வேண்டும். உருளைக்கிழங்கை அரிந்தால் தண்ணீரில் போடுவது நமக்கு ஊறிப்போனது. இங்கே அதைச் செய்யக் கூடாது. தண்ணீர் வெள்ளையாகக் கலங்குவது மாவுச்சத்து கரைவதால்தான். அதைக் கொட்டிவிட்டால் பால் கடைசிவரை பாலாகவே இருக்கும். பரிமாறும்போது தட்டில் ஓடும். கிழங்கை முழுதாகக் கழுவி, தோல் சீவி, துணியால் துடைத்துவிட்டுப் பிறகு நறுக்குங்கள். கறுத்துப்போகுமே என்ற கவலை வேண்டாம். பால் பாத்திரத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நறுக்க நறுக்க அதில் போட்டுவிடலாம்.

கனம் மூன்று மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ அந்தக் கனம் வரும். வாழைக்காய் சீவும் கட்டையில் தேய்த்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பெரும்பாலான கட்டைகள் சிப்ஸுக்கான மெல்லிசில்தான் சீவும். அந்த வில்லைகள் பாலில் வெந்ததும் கரைந்து களியாகிவிடும். கத்தியால் அரிவதே எனக்குப் பிடிக்கிறது. இரண்டொரு வில்லை கனமாக இருந்தால் கடிபடும் சுகம் தனி. ஆளுக்கொரு கத்தி கொடுத்து வந்தவர்களை உட்காரவைத்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். என் நாத்தனார் மாப்பிள்ளை இந்த வீட்டில் கத்தியைத் தொட்டது இதற்காகத்தான் என்பதையும் பதிவு செய்துவைக்கிறேன்.

இனி அடுப்பு. வில்லைகளைப் பச்சையாகப் பாத்திரத்தில் அடுக்கிப் பாலை ஊற்றி நேராக ஓவனில் வைக்கலாம் என்றும் சொல்வார்கள். ஓ.டி.ஜி. எனப்படும் நம் வீட்டுச் சிறிய மின் ஓவன்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய ஓவனில் சூடு ஒரே சீராக இருப்பதில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஓடினாலும் நடுவில் சில வில்லைகள் கடக்முடக்கென்று நிற்கும், பால் திரிந்து துளித்துளியாகப் பிரிவதும் நடக்கும். முதலில் அடுப்பில் பாதி வேகவைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. மாவுச்சத்து பாலில் இறங்கிவிட்டால் பால் அவ்வளவு சுலபத்தில் திரியாது. கொழுப்பு குறைந்த நீல நிறப் பாக்கெட் பால்தான் வீட்டில் இருக்கிறது என்றால் கிரீமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, நசுக்கிய பூண்டைப் பச்சை வாடை போகும் அளவுக்கு வதக்கி, பால், கிரீம், உப்பு, மிளகு, ஜாதிக்காய் சேர்த்துவிட்டு இறக்கி ஆறவிடுவேன். அதில்தான் கிழங்கை நறுக்கிப் போடுவது. எல்லாம் விழுந்ததும் மறுபடி அடுப்பில் ஏற்றி, நடுத்தரத் தீயைவிடக் கொஞ்சம் குறைவாக வைக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கரண்டியைவிட மரத் தோசைத்திருப்பி நல்லது. அடியோடு வழித்துத் தள்ளலாம், வில்லை உடையாது. முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஓரத்தில் சின்னச் சின்ன நுரைக் குமிழ்கள் வரும், கலைந்துபோகும். பிறகு திடீரென்று குமிழ்கள் குறைந்து பெரிதாகும். மெதுவாக எழும்பி, "பொளக்" என்று உடையும். திருப்பியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் பால் உடனே ஓடி மூடாமல் ஒரு கணம் தயங்கும். அதுதான் இறக்கும் பதம். வில்லையை எடுத்து வளைத்தால் வளைய வேண்டும். இன்னும் வளைத்தால் நடுவில் விட்டு உடைய வேண்டும். எட்டிலிருந்து பத்து நிமிடம் என்று சொல்லலாம், ஆனால் கடிகாரத்தைவிடப் பாத்திரத்தைப் பார்ப்பது உத்தமம். அடிபிடித்துவிட்டால் சுரண்டிக் கலக்காமல் மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பால் தீய்ந்த வாடையை எந்த ஜாதிக்காயும் மறைக்காது.

தக்காளியைச் சேர்த்தால் நன்றாக இருக்குமே, தயிர் கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று நம் கை துறுதுறுக்கும். வேண்டாம். புளி ஊற்றிய பிறகு குழம்பில் போட்ட கிழங்கு வேகாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பு, காயின் திசுக்களைக் கட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இங்கேயும் அதேதான். போதாக்குறைக்குப் பாலும் திரியும். புளிப்பு வேண்டுமென்றால் தட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வெங்காயம் போடலாம், நன்றாகச் சிவக்க வதக்கி நடு அடுக்கில். என் அத்தைக்கு வெங்காயம் இல்லாமல் சாப்பாடே இல்லை என்பதால் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. பூண்டு சேர்க்காதவர்கள் வந்தால் அதற்குப் பதில் பத்துக் கறிவேப்பிலையை வெண்ணெயில் பொரித்துப் பாலில் போடுகிறேன். அதுவும் சொந்தக் காலில் நிற்கிற ருசிதான்.

பாத்திரம் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கண்ணாடிப் பாத்திரத்தைக் கடையில் ஆசைப்பட்டு வாங்கும் முன் ஓ.டி.ஜி.யின் உள்ளளவை டேப்பால் அளந்துகொண்டு போங்கள்; கைப்பிடிகளையும் சேர்த்து அளக்க வேண்டும். மூன்று லிட்டர் பாத்திரம் இந்த அளவுக்குச் சரியாக இருக்கும். விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்புங்கள், கொதித்து வழியும். முந்தைய நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், அந்தக் குளிர்ந்த கண்ணாடியை நேரே சூடான ஓவனில் வைக்கக் கூடாது. வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

சீஸில் நம் கடைகளில் கிடைக்கும் கட்டிச் சீஸ் பெரும்பாலும் பதப்படுத்தியது. அதில் சேர்க்கும் உப்புகளால் அது பிரியாமல் வழவழவென்று உருகும், ஆனால் நூலாக இழுபடாது. மொசரெல்லா இழுபடும், ருசி குறைவு. பாதிக்குப் பாதி கலந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். துருவியே விற்கும் பாக்கெட் வேண்டாம். ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், ஒழுங்காக உருகாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வருகிறார்கள் என்றால் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் அசல் இத்தாலியப் பார்மிசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறையவைக்கப்படுவது. அங்கே விதியே அப்படித்தான். வந்தவருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓவனை 180 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, பாத்திரத்தை அலுமினியத் தாளால் மூடி இருபத்தைந்து நிமிடம். பிறகு தாளை எடுத்து, சீஸ் தூவி, இன்னும் இருபது நிமிடம். ஒருமுறை பாத்திரத்தை முன்பின்னாகத் திருப்பி வைப்பது நல்லது. நடுவில் கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும்.

இப்போதுதான் பொறுமைக்குச் சோதனை. ஓவனைத் திறந்ததும் வீடு முழுக்க வாசனை; தட்டுகளோடு குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். கொடுக்காதீர்கள். சூடு உச்சத்தில் இருக்கும்போது அந்தப் பால் குழம்பு நெகிழ்ந்து கிடக்கும். இருபது நிமிடம் விட்டால் மாவுச்சத்து இறுகி, கத்தியால் சதுரமாக வெட்டி எடுக்கலாம். உள்ளே இருக்கிற சூடு அதற்குள் ஆறிவிடாது, நாக்குதான் பிழைக்கும். நான் இந்த இருபது நிமிடத்தில்தான் மிளகு ரசத்தைத் தாளித்து டம்ளர்களில் ஊற்றுகிறேன். வெண்ணெயும் பாலும் சேர்ந்த திகட்டலை ரசம் வெட்டிவிடும். தட்டில் வெள்ளரி, வெங்காயம், எலுமிச்சை பிழிந்த ஒரு பச்சடி. ஊறுகாய் கேட்கிறவர்களுக்கு நெல்லிக்காய். ரொட்டி, சோறு எதுவும் தேவையில்லை; கிழங்கே வயிற்றை நிறைத்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சின்னச் சதுரமும் பெரிய பச்சடியும்.

ஓவன் இல்லாதவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. அகலமான, அடி கனமான வாணலியில் அடுப்பிலேயே கிழங்கு வில்லைகளைப் பாலில் நன்றாக வேகவைத்து, விளிம்புக்கு ஒரு விரல் கீழ்வரை நிரம்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு அடுப்பில் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகப் பழுக்கச் சூடாக்கி, சீஸ் தூவிய வாணலியின் மேல் மூடியாக வையுங்கள். வாணலிக்கு அடியில் தீ மிகச் சிறிதாக இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் சீஸ் உருகி அங்கங்கே சிவக்கும். கல்லை இன்னொரு முறை சூடாக்கி வைத்தால் நிறம் இன்னும் கூடும். பிடிதுணி கனமாக இருக்கட்டும். கைப்பிடி இல்லாத பழைய கல்லாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். நம் ஊர் வெக்கையில் பாலும் கிரீமும் இராத்தங்காது. மறுநாள் அது நன்றாக இறுகியிருக்கும். துண்டுகளாக வெட்டி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்கப் போட்டெடுத்தால் ஓரம் மொறுமொறுவென்று, முதல்நாளைவிட நன்றாகவே இருக்கும். அத்தை அதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வார். தோஃபினேக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ, அது அவர்கள் பாடு.